கீழே ஓடும் எழுத்து

“இந்தப் புள்ளதான் நேத்தே செத்துப்போச்சே. இன்னைக்கு எப்படிம்மா பள்ளிக்கூடம் போகுது?”

உமர் பாருக் கேட்டதும், கம்ப்யூட்டரில் ஓடிய படத்தை நிறுத்திவிட்டு மகள் நசீமா அவர் பக்கம் திரும்பினாள்.

“அத்தா, இது நேத்துப் பாத்ததுக்கு முன்னாடி நடந்தது. இந்தக் கதைய நேராச் சொல்ல மாட்டாக. துண்டு துண்டா வெட்டி, முன்னப் பின்ன மாத்திப் போடுவாக. நாமதான் சேத்துப் பாத்துக்கணும்.”

“அப்ப மாடிப்படியில நின்னது யாரு?”

“அதுவும் அவதான். அவ மனசுக்குள்ள இருக்குற பயம், அவ உருவத்துலயே வந்து நிக்குது.”

“ஓ,” என்று உமர் பாருக் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அது ஜப்பான் கார்ட்டூன் தொடர். கார்ட்டூன் என்றாலும் குழந்தைகள் பார்க்கக்கூடியது அல்ல. பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். மொத்தம் பதின்மூன்று பாகம். கல்லூரித் தோழி சாராள் சிடியில் காப்பி எடுத்துக் கொடுத்திருந்தாள். பேசுவது ஜப்பான் மொழி. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். நசீமா அதைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்வாள்.

உமர் பாருக்குக்குக் கப்பலில் சமையல் வேலை. பதினாறு வருடமாக, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் உத்தமபாளையம் வந்து போகிறவர். பத்தொன்பது வயது நசீமாவுக்கு அத்தா என்றால் டெலிபோனில் கேட்கும் ஒரு குரல், அவ்வளவுதான். இந்த முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

“சாப்பிட்டியாம்மா?”

“ம்.”

“காலேஜ் எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

அதோடு தாவணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவாள். அடுத்த அறையில் சாராளிடம் போனில் அவள் சிரித்துச் சிரித்துப் பேசுவது அவருக்குக் கேட்கும். நான்காம் நாளே மனைவி சாபிராவிடம் சொல்லிவிட்டார்.

“எனக்கு இங்கன என்ன வேல இருக்கு? விருந்தாளி மாதிரிதான் உக்காந்திருக்கேன். லீவு முடியுற வரைக்கும் இருக்கப் போறதில்ல. பதினஞ்சாந்தேதியே கப்பலுக்குக் கிளம்புறேன்.”

மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டரில் ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். நசீமா அவசரமாக அணைக்கப் போனாள்.

“இருக்கட்டும்மா. என்ன சொல்லுது அந்தப் புள்ள?” என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“‘என்னைய யாரோ பாத்துக்கிட்டே இருக்காக’ன்னு சொல்றா அத்தா.”

“யாராம் அது?”

அதற்குப் பதில் சொல்லவே நசீமாவுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அதன் பிறகு தினமும் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து வந்ததும் அவர் அந்த நாற்காலிக்கு வந்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு பாகம். பாதியில் கரண்டு போய்விட்டால் விசிறி மட்டையோடு உட்கார்ந்து அந்தக் கதையையே பேசுவார்கள். பேச்சு அதிலிருந்து நழுவிக் கல்லூரிக்குப் போகும், சாராளுக்குப் போகும். ஒன்பதாவது பாகத்தின் நடுவே கரண்டு போன அன்று, மதுரையில் எம்.சி.ஏ. படிக்க ஆசை, அம்மாவிடம் கேட்கப் பயம் என்று அவளாகவே சொன்னாள்.

“படிம்மா. அம்மாகிட்ட நான் பேசுறேன்,” என்றார்.

அன்று சாயங்காலம் சாபிரா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

“மும்பையில இருந்து கப்பல் ஏஜெண்டு பேசுனாக. பதினஞ்சாந்தேதி வருவீகளான்னு கேக்குறாக.”

“இப்ப வரலைன்னு சொல்லிரு.”

“ஏன்?”

“கத இன்னும் முடியலையே.”

சாபிரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வந்த சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கடைசிப் பாகம் போட்ட அன்று நசீமாவின் முகம் தொங்கிப்போயிற்று. படம் ஓடியது. கீழே எழுத்து வரவில்லை.

“சாராள் காப்பி பண்ணும்போது இத மட்டும் விட்டுட்டா போல. அவ வேற ஊருக்குப் போயிட்டா. இனி காலேஜ் லீவு முடிஞ்சுதான் வருவா.”

திரையில் அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நசீமா அணைக்கக் கையை நீட்டினாள்.

“ஓடட்டும்மா,” என்றார் உமர் பாருக்.

“ஒண்ணும் புரியாதே அத்தா.”

“‘கதவத் தொறங்கம்மா, நான்தான் வந்துருக்கேன்’ங்குது,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்கு அவுங்கம்மா, ‘நீ யாரு? எம்பொண்ணு உள்ள தூங்குறா. வேணும்னா கட்டில்ல வந்து பாரு’ங்குறா.”

அத்தா விளையாடுகிறார் என்றுதான் நசீமா நினைத்தாள். திரையில் அம்மா கதவைத் திறந்தாள். அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப்போய்க் கட்டிலைக் காட்டினாள். அதில் அதே முகத்தோடு இன்னொருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நசீமா மெதுவாகத் திரும்பினாள்.

“அத்தா… ஒங்களுக்கு எப்படி?”

“பதினாறு வருசமா ஜப்பான்காரக கப்பல்லதானம்மா சமைக்கிறேன். அவுக சோறு கேட்டதும் அந்தப் பாசைதான், உப்புக் கூடிப்போச்சுன்னு வஞ்சதும் அந்தப் பாசைதான்.”

“அப்ப இத்தன நாளும் நான் சொன்னதெல்லாம்…”

“மொத நாளே எல்லாம் புரிஞ்சுச்சும்மா. புரியுதுன்னு சொல்லியிருந்தா நீ எங்கிட்டப் பேசியிருக்க மாட்டியே.”