ஸ்டில்

குழந்தை இறந்தே பிறந்திருந்தது. டாக்டர் நர்ஸிடம் சொன்ன ஒரு சொல் மட்டும் பவளக்கொடியின் காதிலேயே நின்றுவிட்டது. துணி சுற்றிய குழந்தையோடு பக்கத்தில் வந்த கணவனிடம் அதைத்தான் கேட்டாள்.

“ஸ்டில்பார்ன்னு சொன்னாங்க. பார்ன்னா பிறந்ததுன்னு தெரியும். ஸ்டில்னா என்னங்க?”

அழகுமுத்து பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவன். ஸ்டில் என்றால் முதலில் அசைவற்றது என்றுதான் பொருள். அசையாதது அங்கேயே இருக்கும் என்பதால் ‘இன்னும்’ என்ற பொருளும் பிறகு வந்து சேர்ந்தது என்று வகுப்பில் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறான். இப்போது அந்த முதல் பொருளைச் சொல்ல வாய் வரவில்லை.

“இன்னும்னு அர்த்தம்மா.”

அவள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இன்னும் நம்ம புள்ளதானே. பேரு வைக்காம எப்படிக் கொண்டுபோவீங்க?”

இதற்கெல்லாம் பேர் வைக்கிற வழக்கமில்லை, சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டு அவன் அண்ணன் வெளியே ஆட்டோவில் காத்திருந்தார். அழகுமுத்து கட்டிலில் உட்கார்ந்தான். மாதக்கணக்காக இருவரும் இரண்டு பேர்களை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருந்தார்கள். அவளுக்குப் பிடித்த பேரை, குளிர்ந்த அந்தச் சின்னக் காதில் மெல்லச் சொன்னான்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க,” என்றாள்.