கன்னி மூலையில் ஒரு கம்ப்யூட்டர்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியும் பாட்டு திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது தடவை.

"பின்னால ஒரு சத்தம் இருக்கு சார். கொசு கத்தற மாதிரி" என்றாள் நாட்டியப் பள்ளி நடத்தும் பத்மப்ரியா. "நிகழ்ச்சிக்கு இருபது நாள்தான். கொச்சி ஸ்டூடியோல கொடுத்துடட்டுமா?"

"இன்னும் ஒரு தடவை பொறு" என்று போனை வைத்தார் கல்யாணராமன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டார். கொசுவும் இல்லை, ஈயும் இல்லை.

அறுபத்தெட்டு வயது. கரமனை வீட்டின் முன் அறைதான் ஸ்டூடியோ. அறுபது வயலின், செல்லோ, புல்லாங்குழல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். எங்கோ யாரோ வாசித்து, சுரம் சுரமாகப் பதிந்து வைத்த ஒலி. அதன் மேல் ஒரே ஒரு நிஜ வயலின். அதை மைக் முன்னால் உட்கார்ந்து அவரே வாசிப்பார்.

அறுபதும் சேர்ந்தால் பழைய கம்ப்யூட்டர் திணறும். கொசுவுக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டித்தான், தம்பானூரில் கடை வைத்திருக்கும் பினுவிடம் புதுசுக்குச் சொல்லியிருந்தார். பெரிய பிராசசர். நூற்றிருபத்தெட்டு ஜி.பி. மெமரி.

"சூடாகும் சாமி. ஃபேன் கத்தும். சத்தமில்லாத ஃபேன் போடட்டே?"

"வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு டிஸ்க் போடு. பழைய பெட்டியே ஒரு சத்தமும் போட்டதில்லை."

வந்தது. முன் அறை மூலையில் உட்கார்ந்தது. பாட்டு மறுபடி திரும்பியது.

அன்றைக்கே சாவித்ரி ஆரம்பித்தாள்.

"ஏன்னா, பெட்டி கன்னி மூலையில இருக்கு. அதான் காரியம் தடங்கறது."

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "என்னது?"

"சூடாகற சாமானை அங்கே வெக்கப்படாது. சாமான் ரூமுக்கு மாத்திடலாம். சுவத்துல ஒரு ஓட்டை போட்டா ஒயர் வராதோ?"

"முப்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவ பேசற பேச்சா இது?"

"ரிட்டயர் ஆயாச்சு. இனி எனக்கு இஷ்டப்பட்டதை நம்பலாம்."

"மாடி எடுக்கறச்சே வாஸ்துக்காரனை வாசலோட துரத்தினவ நீ."

"அப்போ புத்தி இல்லை."

மூன்று நாள் சண்டை. நாலாம் நாள் காபி ஆறிப்போய் வந்தது. ஐந்தாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்து சுவரைத் துளைத்தான். பெட்டி, அரிசி டின்னுக்கும் புளி ஜாடிக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. திரையும் ஸ்பீக்கரும் மைக்கும் மட்டும் முன் அறையில்.

"படிச்ச முட்டாள்" என்று பினுவிடம் போனில் சொல்லி ஆற்றிக்கொண்டார். பிறகு வயலினை எடுத்து, தன் பங்கை மறுபடி வாசித்துப் பதிந்து அனுப்பினார்.

சாயங்காலமே பத்மப்ரியா கூப்பிட்டாள். "கொள்ளாம் சார். ரொம்ப கிளீன். மிச்சப் பாட்டும் நீங்களே பண்ணுங்க."

"பார்த்தியா, பிராசசர்" என்றார் சாவித்ரியிடம். "செட் ஆக நாள் எடுத்துண்டிருக்கு. உன் வாஸ்து இல்லை."

"சரி" என்றாள்.

மறுநாள் காலை பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தார். அழிக்கும் முன் ஒன்றைத் திறந்தார். திரையில் ஒலி கோடாக ஓடியது. வயலின் வாசிக்காத இடத்தில் கோடு நேராகப் படுத்திருக்க வேண்டும். புல் முளைத்தாற்போல் இருந்தது.

பெட்டி சாமான் ரூமுக்குப் போன பிறகு செய்த புதுப் பதிவைத் திறந்தார். நேர்க்கோடு.

பழையதில் அந்த இடத்தை மட்டும் ஸ்பீக்கரில் ஓடவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமைக் கூட்டினார். கடைசி வரை திருகினார். ஒன்றுமே இல்லை.

சாவித்ரி காதைப் பொத்திக்கொண்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"அந்தக் கீச்சை நிறுத்துங்கோ. காது கிழியறது."

சொன்ன பிறகுதான் திரையைப் பார்த்தாள். வால்யூமைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள்.

அவர் நிறுத்தினார். ஃபேன் கத்தும் என்று பினு சொன்னது ஞாபகம் வந்தது.

"பக்கத்தாத்து மிக்ஸியைச் சொன்னேன்" என்றாள்.

மிக்ஸி சத்தம் அவருக்குக் கேட்கும். எந்த வீட்டிலும் ஓடவில்லை.

"ஆமாம், பெரிய மிக்ஸி" என்றார். கொஞ்ச நேரம் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இனிமே எந்தப் பாட்டா இருந்தாலும் நீ ஒரு தடவை கேட்ட பிறகுதான் அனுப்புவேன்."

"எனக்கு சங்கீதம் என்ன தெரியும்?"

"சங்கீதத்தை நான் கேட்டுக்கறேன். மிச்சத்தை நீ கேளு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போன் அடித்தது. பினு.

"சாமி, சரியாயிடுச்சாமே. எந்தப் பார்ட்டுல சரியாச்சு? பிராசசரா, மெமரியா? வேற ஒருத்தர் இதே வேலைக்குக் கேக்கறார். அவருக்கும் அதையே சொல்லணும்."

"ரெண்டும் இல்லைடா."

"பின்னே?"

"சாவித்ரி."