காப்பகத்தில் ஒரே ஒரு சார்

குழந்தை படுத்திருந்த பாயிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

எழுந்து நின்று, நனைந்த கவுனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். மூன்றரை வயது. கீழுதடு பிதுங்கிவிட்டது, அடுத்தது அழுகைதான்.

அறையில் தூங்குகிற பதினோரு பிள்ளைகளைத் தவிர வேறு யாருமில்லை. ஆயாம்மா பால் வாங்கப் போயிருந்தார்.

அவன் வாசலை எட்டிப் பார்த்தான்.

குழந்தை பராமரிப்புப் பயிற்சியில் மொத்தம் இருபத்து மூன்று பேர். மீசை வைத்தவன் இவன் ஒருத்தன்தான். ஆண் என்றதும் ஒன்பது காப்பகங்கள் கையை விரித்துவிட்டன. இந்த ஒன்றுதான், போனால் போகிறதென்று சேர்த்துக்கொண்டது.

அதிலும் தலைமை டீச்சர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"துணி மாத்துறது, கழுவி விடுறது எல்லாம் ஆயாம்மா பாத்துக்குவாங்க. நீங்க கை வைக்கக் கூடாது. ஒரு அம்மா வாயத் தொறந்தா, அன்னைக்கே கிளம்ப வேண்டியதுதான்."

நகம் வெட்டியிருக்க வேண்டும், சொந்தக்காரப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பயிற்சி கிடையாது, கைபேசி கூடாது என்று அச்சடித்த விதிகள் இருபது. இது அவனுக்கென்றே வாயால் சொன்ன இருபத்தொன்றாவது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக அம்மாக்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. அப்புறம் இரண்டு.

குழந்தை இரண்டு கையையும் அவனைப் பார்த்து நீட்டினாள்.

அவன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இன்னும் நாலே நாள். நாலு நாள் தாண்டினால் சான்றிதழ், அதற்கப்புறம் வேலை. பாழாய்ப்போன பாலுக்கு இவ்வளவு நேரமா?

குழந்தை வாயைத் திறந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"குளிருது, சார்."

அப்பாடா என்றிருந்தது. உடனே, அப்படி இருந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

ஆயாம்மா மூச்சிரைக்க வந்து அவளை அள்ளிக்கொண்டு போனார். ஜன்னல் முகங்கள் விலகின.

சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்தில் அவன் மனைவி காத்திருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி, காப்பகத்தின் தொளதொள மாற்றுக் கவுனில் குழந்தை நின்றாள்.

அவன் குனிந்து தூக்கினான். குழந்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதில் கிசுகிசுத்தாள்.

"சார், இப்ப அப்பான்னு கூப்பிடலாமா?"