ஏழாவது கட்டத்துச் சுறா

"யோகேஸ்வரன் அண்ணன் இருக்காகளா?"

வாசலில் நின்ற பெண்ணை யோகேஸ்வரனின் மனைவி முருகலட்சுமி ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்த முகம்.

"வெளிய போயிருக்காக. நீ யாரும்மா?"

"கமுதியில இருந்து வாரேன்க்கா. பூமயில். தர்மராஜோட தங்கச்சி."

முருகலட்சுமியின் முகம் மலர்ந்தது. "தர்மராஜ் தங்கச்சியா? உள்ள வா தாயி!"

யோகேஸ்வரனும் தர்மராஜும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. போலியோ தாக்கிய கால்களோடு தர்மராஜ் வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். இருவரையும் இணையத்தில் சேர்த்துவைத்தது பழைய வீடியோ கேம் பைத்தியம்தான். ஒரே விளையாட்டு, டிவியில் மாட்டும் கேசட்டில் ஒரு மாதிரி இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் வேறு மாதிரி இருக்கும். கட்டங்கள் கூடும், குறையும். நிறம் மாறும், இசை மாறும். எதில் என்ன வித்தியாசம் என்று ஆடிப் பார்த்துப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். கேசட் எல்லாம் இராமநாதபுரத்தில் யோகேஸ்வரனிடம், கம்ப்யூட்டர் எல்லாம் கமுதியில் தர்மராஜிடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெயில். பட்டியல் நானூறு விளையாட்டுகளைத் தாண்டியிருந்தது.

"அண்ணன் எப்பக்கா வருவாக?"

"தெரியல தாயி. எதுனாலும் என்கிட்டச் சொல்லு."

பூமயில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தயங்கினாள். "மெயில்ல நீர்மூழ்கிக் கப்பல் கேமைப் பத்திக் கேட்டுருந்தாக. எங்க கம்ப்யூட்டர்ல ஏழாவது கட்டத்துல வர்ற சுறா என்ன நெறம்னு."

"கேசட்டுல பச்சை," என்றாள் முருகலட்சுமி சட்டென்று.

"ஒங்களுக்கும் தெரியுமாக்கா?"

"இந்த வீட்டுலதான கெடக்கேன். காதுல விழாதா?"

"அந்தக் கம்ப்யூட்டரு கருகிப்போச்சுக்கா. திங்கக்கிழமை போட்டேன், பொகையா வந்துச்சு. மதுரைக்குத் தூக்கிட்டுப் போயும் காட்டிட்டேன், இனி ஓடாதுன்னுட்டாங்க. வாய்க்கு வந்த நெறத்த எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனா அந்தப் பட்டியல்ல பொய் எழுத மனசு வரல."

"நீயா போட்ட? ஏன், தர்மராஜுக்கு என்ன?"

பூமயில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணன் செத்து மூணு வருசமாச்சுக்கா."

முருகலட்சுமி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொல்ற? போன ஞாயித்துக்கிழமைகூட மெயில் வந்துச்சே?"

"நான் எழுதுனது. மூணு வருசமா நாந்தேன் எழுதுறேன்." பூமயில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காச்சல்ல கெடந்து போயிட்டான். காரியம் முடிஞ்ச மறுநாளு ஒங்க வீட்டுக்காரர்ட்ட இருந்து மெயிலு. 'தம்பி, ஒடம்பு தேறிருச்சா? நீ இல்லாம பட்டியல் அப்படியே நிக்குது'ன்னு. என்னத்தச் சொல்ல? தேறிட்டேன்னு எழுதிட்டேன். பெறகு அவன் மெஷின் ஒவ்வொண்ணையும் ஓட்டக் கத்துக்கிட்டேன். ஒருநா போன் போட்டுருவாகளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, யோகேஸ்வரன் அண்ணன் ஒரு தடவைகூடப் போன்ல கூப்புடல."

முருகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யாவும் ஆத்தாவும் முன்னாடியே போயிட்டாக. அவனும் போன பெறகு எனக்கு யாருமில்லக்கா. வாரத்துல ஆறு நாளு எதுக்கு இருக்கோம்னு தோணும். ஏழாவது நாளு ஒங்க வீட்டுக்காரரு மெயிலு வரும். 'சாப்புட்டியா தம்பி'ன்னு கேட்டுருப்பாக. அத வச்சுத்தேன் ஓட்டுனேன். இனி ஓட்டிப் பாக்க அந்த மெஷினும் இல்ல, பொய் சொல்லத் தெம்பும் இல்ல. அண்ணன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். வர்ற வரைக்கும் இங்கனயே இருக்கேன்க்கா."

"இருக்காத தாயி."

"ஏமாத்திட்டேன்னு கோவமாக்கா? நீங்களே பக்குவமாச் சொல்லிருங்களேன், தர்மராஜ் இல்லேன்னு."

"யாருகிட்டச் சொல்ல?" என்று முருகலட்சுமி வாய்விட்டு அழுதாள். "அவுக போயி நாலு வருசமாச்சு தாயி... ஒங்கண்ணன் ஒருத்தன் நெனப்புலயாவது அவுக உசுரோட இருக்கட்டும்னுதேன் நான் எழுதிக்கிட்டு இருந்தேன்."