இல்லாத படகு

"நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க படகு யார் கண்ணுலயும் படக்கூடாது" என்றாள் மெரெட்டே.

படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த ஐனார் நிமிரக்கூட இல்லை. "ஏன், அதுக்கு அம்மையா போட்டிருக்கு?"

மெரெட்டேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு எதுவுமே விளையாட்டு!

விஷயம் இதுதான். இந்தக் கரை டென்மார்க், அந்தக் கரை ஜெர்மனி. நடுவே குறுகலான கடல். படகில் போனால் இருபது நிமிஷம். காரில் சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரம். இரண்டு ஊரையும் இணைக்க ஒரு மின்சாரப் படகு வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள் ஊர் மன்றத் தலைவி மெரெட்டே. எல்லை தாண்டி ஒத்துழைக்கும் கடலோர ஊர்களுக்கென்றே அங்கே தனி நிதி உண்டு. எண்பத்தாறு பக்கம், இரண்டு வருஷ உழைப்பு. அதை நேரில் சரிபார்க்க மறுநாள் ஒரு அதிகாரி அம்மாள் வருவதாக இருந்தது.

அதில் ஒரு கேள்வி: 'இரு கரைகளுக்கும் இடையே தற்போது படகுப் போக்குவரத்து உண்டா?'

'இல்லை' என்று எழுதிவிட்டாள். உண்டு என்றால், "அப்புறம் உங்களுக்குப் புதுசு எதுக்கு?" என்று கோப்பைத் தூக்கிக் கடாசிவிடுவார்களே! ஒத்துழைப்பு இல்லாத ஊருக்குத்தான் ஒத்துழைப்பு நிதி. நல்ல நியாயம்.

ஆனால் ஐனார் பதினெட்டு வருஷமாகத் தினமும் இரண்டு நடை போய் வந்துகொண்டிருந்தார். இங்குள்ள முதியோர் இல்லத்துக்கு அக்கரையிலிருந்து வேலைக்கு வரும் நர்ஸ்கள், அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்கப் போகும் தாய்மார்கள், எல்லாருக்கும் அவர் படகுதான். காசு வாங்க மாட்டார். கேக் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

"அப்போ நாளைக்கு நர்ஸுங்களை யார் கூட்டிட்டு வருவா? நீயா?"

"சுத்திக்கிட்டு கார்ல வரட்டும். ஒரு நாள்தானே!"

"அந்த அதிகாரி அம்மாவை எங்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லேன் மெரெட்டே. நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

"ஐயோ, நீங்க வாயைத் திறந்தா எல்லாம் போச்சு! பொய்த் தகவல்னு தெரிஞ்சா விண்ணப்பமே ரத்து. அப்புறம் நம்ம ஊரை ஜென்மத்துக்கும் சீந்த மாட்டாங்க."

ஐனார் சிரித்தார். "சரி தலைவியம்மா. இல்லாத படகை நாணலுக்குள்ள ஒளிச்சு வெச்சுடறேன். போதுமா? இப்ப தள்ளு, சாயங்கால நடைக்கு நேரமாச்சு."

வீட்டுக்கு வந்தும் மெரெட்டேவுக்கு ஆறவில்லை. "பொறாமை, வேறென்ன?" என்று புருஷன் பால்லேயிடம் பொரிந்து தள்ளினாள். "புதுப் படகு வந்தா இவரை யார் சீந்துவாங்க? ராஜா மாதிரி திரிஞ்ச மனுஷன் இல்லையா, வயிறு எரியுது!"

பால்லே செய்தித்தாளை விட்டுத் தலையெடுக்காமல், "இருக்கும், இருக்கும்" என்றார். அவர் முப்பது வருஷமாக அப்படித்தான்.

மறுநாள் நிதி அலுவலகத்திலிருந்து ஹோல்ட்ஸ் அம்மையார் வந்து இறங்கினார். முந்தின ராத்திரி அக்கரையில் தங்கிவிட்டு, காரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கேக்கின் மேல் டென்மார்க் கொடி, ஜெர்மனிக் கொடி, நடுவில் ஒன்றியத்தின் நீலக்கொடி. மெரெட்டே ஒன்றையும் விடவில்லை.

காபி முடிந்து இருவரும் படகுத்துறைக்கு நடந்தார்கள். துறை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

"பாருங்க, ஒரு ஓடம்கூட கிடையாது. தவிச்சுப் போறோம்!" என்றாள் மெரெட்டே உருக்கமாக.

"இங்கே ஐனார்னு ஒருத்தர் இருக்காராமே?"

மெரெட்டே சட்டென்று நாணலை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஐனாரா? அப்படி யாரும்..."

"படகு ஓட்டறவராம்."

"நம்ம ஊர்ல இல்லீங்களே!"

பதினெட்டு வருஷத்தை மூன்றே வார்த்தையில் துடைத்துப் போட்டாயிற்று.

அம்மையார் கைப்பையைத் திறந்தார். "அக்கரையில ஊரே அவர் பேரைச் சொல்லுது. பொய்த் தகவல்னு உங்க விண்ணப்பத்தை ரத்து பண்ணி நேத்து சாயங்காலமே எழுதிட்டேன்."

மெரெட்டே அங்கிருந்த கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்த முகத்தோடு ஊருக்குள் போவது?

"பொறுங்க, எழுதினதை ராத்திரியே கிழிச்சும் போட்டுட்டேன். படகு உங்களுக்குக் கிடைச்ச மாதிரிதான். நான் தங்கின விடுதிக்கு ஒரு நர்ஸ் வந்து இதைக் கொடுத்துட்டுப் போனாங்க. கடைசி நடையில அவர் கொடுத்தனுப்பினாராம்."

கோணல் மாணலாக, பெரிய பெரிய எழுத்தில் ஒரு கடிதம். கூடவே கண் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று. மெரெட்டே வாங்கிப் படித்தாள்.

'அம்மா, எங்கள் தலைவியைத் தப்பாக நினைக்காதீர்கள். என் வலது கண் போன வருஷமே போய்விட்டது. இடது கண்ணை வைத்துத்தான் தட்டுத் தடுமாறி ஓட்டுகிறேன். அதுவும் வருகிற குளிர்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றுவிட்டால் இந்த நர்ஸ்கள் எப்படி வருவார்கள் என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே படகே இல்லை என்று மெரெட்டே எழுதியது பொய் இல்லை அம்மா. கண் தெரியாதவன் ஓட்டுகிற படகை எல்லாம் படகென்று எப்படி எழுதுவாள்?'