இடது காலை இழு!

"இடது காலை இழுத்து நட, சம்பத்!"

தாம்பரம் சர்ச் ஹாலில் யேசுதாசன் மறுபடியும் கத்தினார். முதல்முறையாக கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடப்போகும் சம்பத்துக்குத் தலை சுற்றியது.

"இன்னா சார் இது? தூர்தர்ஷன்ல போட்ட படத்துல, தாத்தா வேஷத்துக்கு ட்ரெய்னிங் குடுக்குறப்போ குதிச்சு ஆடச் சொன்னாங்களே?"

"அது டி.வி. நீ நான் நடக்குற மாதிரியே நட. போதும்."

போன வருஷம்வரை முகமூடி மாட்டி ஆடியவர், கால் ஊனமான யேசுதாசன்தான். வேஷத்தை விட்டாலும் பெருமையை விட மனுஷனுக்கு மனசில்லை என்று சம்பத் நினைத்துக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகச் சுற்றிய கேரல் குழு, கடைசியாக யேசுதாசன் வீட்டுக்குப் போனது. மகளின் கையைப் பிடித்தபடி அவர் வாசலில் நின்றிருந்தார். சம்பத் காலை இழுத்து இழுத்து ஆடினான்.

சிறுமி தாத்தாவின் காலைப் பார்த்தாள். அப்பாவின் காலைப் பார்த்தாள்.

"அப்பா, போன வருஷம் தாத்தா காலை இழுக்குறதைப் பாத்துட்டு, 'தாத்தாவே கெடையாது, நீதான்'னு அழுதேனே! அது நீ இல்லியாப்பா?"

யேசுதாசன் சம்பத்தைக் காட்டிச் சிரித்தார்.

அவள் உள்ளே ஓடி, ஒரு முக்காலியைத் தூக்கிவந்து சம்பத்தின் முன்னால் போட்டாள்.

"உக்காருங்க தாத்தா. எங்கப்பாவுக்கும் ரொம்ப நடந்தா இப்படித்தான் வலிக்கும்."