ஆளுக்குக் கால் கிலோ

"தராசுல கைய வெச்சுட்டியே, உம்மு ரகப்!"

நான் போட்ட சத்தத்தில் தமன்ஹூர் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. என் கையில் சமைத்த பசலைக்கீரைப் பாத்திரம். சூடுகூட ஆறவில்லை.

கீரைக்காரி உம்மு ரகப் நிமிர்ந்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன உஸ்தாத் ஃபிக்ரி? உங்க பள்ளிக்கூடத்துப் பசங்கன்னு நெனச்சுட்டீங்களா என்னை?"

"காலையில ஒரு கிலோன்னு குடுத்தே. சமைச்சா மூணு கிண்ணம்தான் வருது. தொழுகை முடிஞ்சதும் பையன், பொண்ணு, மாப்பிள்ளை வராங்க. அவங்கம்மா நவால் கண்ணை மூடி இன்னியோட நாப்பது நாள். அவ வைக்கிற மாதிரியே கீரை வெச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன். நாலு பேருக்கு மூணு கிண்ணத்தையா வைக்கிறது?"

பக்கத்துக் கடையில் எலுமிச்சை விற்கும் ஸலாமா சிரித்தான். "ருசி பாத்தே ஒரு கிண்ணத்தைக் காலி பண்ணியிருப்பீங்க!"

"கணக்கு வாத்தியாருக்கே கணக்கா? ஆளுக்குக் கால் கிலோ, ஆளுக்கு ஒரு கிண்ணம். நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு. நாலு பேருக்கு ஒரு கிலோ. நவாலுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அதுக்கு மேல ஒரு இலைகூட வாங்க விட்டதில்ல."

உம்மு ரகப் தன் தராசை முன்னால் இழுத்தாள். ஒரு கிலோ கீரையை நிறுத்து, அப்படியே அள்ளி ஸலாமாவின் தராசில் போட்டாள்.

முள் நேராக நின்றது.

"பாத்துக்குங்க. கீரை என்ன அரிசியா உஸ்தாத், வெந்தா பெருகறதுக்கு? பச்சையா இருக்கும்போது தொட்டி நெறஞ்சு வழியும். தண்டைக் கழிச்சு நெருப்புல வெச்சா சுருண்டுடும். யார் சமைச்சாலும் கிலோவுக்கு மூணு கிண்ணம்தான்."

"அப்ப நவாலுக்கு மட்டும் இருபது வருஷமா நாலு எப்படி வந்துச்சு?"

"நாலாவது கிண்ணத்தை நீங்க பாத்தீங்களா?"

யோசித்தேன்.

"எங்க மூணு பேருக்கும் மேசையில வெச்சுட்டு, அவ அடுப்படியிலேயே உக்காந்து சாப்பிடுவா. 'பெரிய கிண்ணத்தை அங்க ஒளிச்சு வெச்சிருக்கா'ன்னு சொல்லிப் பிள்ளைங்களைச் சிரிக்க வைப்பேன்."

 ஸலாமா எலுமிச்சைகளை அடுக்கத் தொடங்கினான்.

உம்மு ரகப்பின் கோபம் இறங்கிவிட்டிருந்தது. ஸலாமாவின் தராசில் கிடந்த கீரையை எடுத்து, தண்டுகளை முறித்துக் காலடிக் கூடையில் போட்டாள். இலைகளை மட்டும் ஒரு பையில் அடைத்து என்னிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் போய் வேக வைங்க. பிள்ளைங்க வந்துடப் போறாங்க. காசெல்லாம் வேண்டாம். நல்ல மனுஷி அவங்க. கீரையில ஒரு நாளும் பேரம் பேசினதில்ல."

நான் திரும்பினேன்.

"உஸ்தாத், ஒரு நிமிஷம். இதையும் கொண்டு போயிடுங்க." கூடையிலிருந்த தண்டுகளை ஒரு காகிதத்தில் கொட்டிச் சுருட்டினாள். "வாராவாரம் அவங்களுக்குன்னு எடுத்து வெச்சுப் பழகிட்டேன். இன்னும் கை அதுபாட்டுக்கு ஒதுக்கி வைக்குது."

"தண்டு எதுக்கு?"

"நல்லாக் கேட்டீங்க! உங்க வீட்டு மொட்டைமாடி முயலுங்களுக்குத்தான். தண்டுன்னா உசுரை விடும்னு அவங்கதானே சொல்லுவாங்க? பாவம், அவங்க போனப்புறம் அதுங்களுக்கு யாரு தீனி போடறா?"

எங்கள் வீட்டில் ஒருநாளும் முயல் இருந்ததில்லை.